ஸ்கேனரில் கருவி தெரியவில்லையா? ஆண்ட்ராய்டில் சின்ன நெட்வொர்க் ஸ்கேனர் எழுதுபவர்களுக்கு, அறிகுறி வாரியாக

வீட்டு வைஃபையில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று காட்டும் ஓர் ஆப். இரண்டு எம்பிக்குள் இருக்க வேண்டும், ரூட் (போனின் முழு நிர்வாக உரிமை) கேட்கக் கூடாது, நாலைந்து வருடப் பழைய போனிலும் ஓட வேண்டும். கோட்லின் தெரிந்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை போலத்தான் தோன்றும்: 1 முதல் 254 வரை ஒரு லூப், ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு பிங் (‘இருக்கிறாயா?’ என்ற சின்னக் கேள்வி), அவ்வளவுதானே. எழுதி ஓட்டினால் பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், பட்டியலில் டிவி இருக்காது. மறுபடி ஓட்டினால் டிவி வந்துவிடும், அம்மாவின் போன் காணாமல் போயிருக்கும்.

இதில் மாதக்கணக்கில் உழன்ற பிறகு எனக்குப் புரிந்தது, இங்கே வரும் பெரும்பாலான பிழைகள் ஒரே பிழையின் வேறு வேறு முகங்கள். பதில் வரவில்லை என்றால் ‘கருவி இல்லை’ என்று ஆப் முடிவு கட்டிவிடுகிறது. கருவி தூங்கிக்கொண்டிருக்கலாம், ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், ரவுட்டர் தடுத்திருக்கலாம், ஆண்ட்ராய்டே கேள்வியை வெளியே விடாமல் இருந்திருக்கலாம், அல்லது கேள்வி மொபைல் டேட்டா வழியாக ஊர் சுற்றப் போயிருக்கலாம். இந்த ஐந்தையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் ஸ்கேனர் முக்கால்வாசி சரியாகிவிடும். கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்களுக்கு எது நடக்கிறதோ அங்கே போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

முதலில் பிழை எண்ணைப் பிடியுங்கள்

சாக்கெட் இணைப்பு தோற்றால் வரும் எக்ஸெப்ஷனின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேறு வேறு காரணங்கள் ஒரே பெயரில் வரும். அந்த எக்ஸெப்ஷனுக்கு உள்ளே, அதன் காரணமாக, பெரும்பாலும் ஒரு எர்ர்நோ-எக்ஸெப்ஷன் உட்கார்ந்திருக்கும்; அதிலுள்ள எண்தான் லினக்ஸ் கெர்னல் நேராகச் சொன்ன பதில். அதை லாகில் முகவரியோடும், எத்தனை மில்லி விநாடியில் வந்தது என்பதோடும் எழுதி வையுங்கள். நேரம் எதற்கு என்பது பின்னால் புரியும்.

111 வந்தால் எதிரில் இருக்கும் கருவி இணைப்பை மறுத்திருக்கிறது. போர்ட் (கருவியில் ஒரு சேவைக்கான எண்ணிட்ட கதவு) மூடியிருக்கிறது, ஆனால் கருவி உயிரோடு இருக்கிறது, ஆகவே அது நல்ல செய்தி. இதைத் தோல்வியாக எண்ணி ‘இல்லை’ என்று காட்டும் ஆப்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 113 வந்தால் அந்த முகவரிக்குச் சொந்தக்காரர் யாரும் குரல் கொடுக்கவில்லை. 101 என்றால் போக வழியே இல்லை, பெரும்பாலும் வைஃபை துண்டிக்கப்பட்டிருக்கும். 24 என்றால் நீங்கள் திறந்து வைத்த சாக்கெட்டுகள் வரம்பைத் தாண்டிவிட்டன. 13, 1 இரண்டும் அனுமதிப் பிரச்சினை. நீங்கள் வைத்த டைம்அவுட் தீர்ந்துபோனால் எண் எதுவும் வராது, வெறும் டைம்அவுட் எக்ஸெப்ஷன்தான் வரும். அது மௌனம், வேறு அர்த்தம் கொடுக்காதீர்கள்.

“ஸ்கேன் பொத்தானைத் தட்டியதும் ஆப் மூடிக்கொள்கிறது”

இது சுலபம். மெயின் த்ரெட்டில் நெட்வொர்க் வேலை செய்ய ஆண்ட்ராய்டு 3.0 காலத்திலிருந்தே விடுவதில்லை. கோரூட்டீனுக்குள் போட்டும் மூடிக்கொள்கிறது என்றால் எந்த டிஸ்பாட்சரில் ஓடுகிறது என்று பாருங்கள், அது மெயினாகவே இருக்கும். மூடிக்கொள்ளாமல் எல்லா முகவரிக்கும் உடனுக்குடன் 13 வந்தால் மேனிஃபெஸ்டில் இன்டர்நெட் அனுமதி வரி இல்லை. வரி இருந்தும் 1 வருகிறது என்றால் ஆப்பை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள், அந்த வரியைச் சேர்க்கும் முன்பே நிறுவியிருந்தால் சில சமயம் பழைய நிலை ஒட்டிக்கொண்டிருக்கும்.

“ரவுட்டர் மட்டும்தான் தெரிகிறது, அல்லது அதுகூடத் தெரியவில்லை”

இதற்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும்.

எமுலேட்டரில் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் இங்கேயே நிறுத்திவிடலாம். எமுலேட்டருக்கு 10.0.2.15 என்று ஒரு தனி முகவரி, அதற்கு முன்னால் ஒரு போலி ரவுட்டர். உங்கள் வீட்டு வலை அதன் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான போன் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, நீங்கள் தேடும் முகவரி வரம்பு சரியா? 192.168.1 என்று கோடில் எழுதி வைத்திருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள். போனின் முகவரியை டிஎச்சிபி-இன்ஃபோ வழியாக எடுத்தால் அது பின்பக்கமாக அடுக்கிய ஓர் எண்ணாக வரும், நேராகப் பிரித்தால் 192.168.1.5 என்பது 5.1.168.192 ஆகிவிடும். அதிலுள்ள நெட்மாஸ்க் பல போன்களில் பூஜ்யம் என்றே வரும். அந்த வழியையே விட்டுவிடுங்கள். லிங்க்-ப்ராப்பர்ட்டீஸ் தரும் லிங்க்-அட்ரஸில் முகவரியும் இருக்கிறது, ப்ரிஃபிக்ஸ் நீளமும் (முகவரியில் எத்தனை பிட் வலையைக் குறிக்கிறது என்ற எண்) இருக்கிறது, அதிலிருந்து கணக்கிடுங்கள். கணக்கிடும்போது ஜாவா பைட்டுக்குக் குறி உண்டு என்பதை மறக்க வேண்டாம்: 192 என்பது -64 ஆக வந்து நிற்கும், 255-உடன் ‘அண்ட்’ செய்தால்தான் பழைய எண் திரும்பக் கிடைக்கும். ப்ரிஃபிக்ஸ் 24 என்றால் 254 முகவரி, 22 என்றால் 1022, 16 என்றால் 65,534. கல்லூரி, அலுவலக வலைகளில் 16 வருவது அபூர்வமில்லை, அங்கே முழு வரம்பையும் தேடப் போகாமல் போனின் முகவரியைச் சுற்றியுள்ள 254-ஐ மட்டும் தேடிவிட்டு, அப்படித்தான் தேடினேன் என்று திரையில் சொல்லிவிடுங்கள்.

வரம்பு சரி, ஆனாலும் காலி என்றால் கேள்வி எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். இணையம் இல்லாத வைஃபையில் போன் இணைந்திருந்தால் ஆண்ட்ராய்டு மொபைல் டேட்டாவையே முதன்மை வழியாக வைத்துக்கொள்ளும். வீட்டில் செய்த ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்) போர்டின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து 192.168.4.1-ஐத் தேடும்போது இது நன்றாகவே மாட்டும். கனெக்டிவிட்டி-மேனேஜரிடம் வைஃபை வழியுள்ள நெட்வொர்க்கைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சாக்கெட்டையும் பைண்ட்-சாக்கெட் கொண்டு அதோடு கட்டிவிடுங்கள். விபிஎன் ஓடினாலும் இதே வைத்தியம்தான், விபிஎன் இருக்கும்போது நடப்பு நெட்வொர்க்கைக் கேட்டால் வைஃபைக்குப் பதிலாக விபிஎன்-இன் முகவரி கிடைக்கும், அது பெரும்பாலும் ப்ரிஃபிக்ஸ் 32, தேட ஒன்றுமே இருக்காது. சுற்றிப் போக அந்த விபிஎன் இடம் தராவிட்டால் பைண்ட் செய்யும் இடத்திலேயே 1 வரும். அதை மீறப் பார்க்க வேண்டாம், விபிஎன்-ஐ அணைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

போனே ஹாட்ஸ்பாட்டாக இருந்தால் அது வேறு கதை. நடப்பு நெட்வொர்க் மொபைல் டேட்டா என்றுதான் வரும், ஆகவே நெட்வொர்க்-இன்டர்ஃபேஸ் பட்டியலை வரிசையாகப் பார்த்து தனியார் முகவரி உள்ள வைஃபை இடைமுகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 192.168.43.1 என்று எழுதி வைக்கும் பழைய பழக்கம் இப்போது உதவாது, புதிய பதிப்புகளில் அது மாறிக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ரவுட்டர் மட்டும்தான் என்றால், அதே வைஃபையில் உள்ள ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொரு கருவியை பிங் செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லை, வேறு ஒன்றிரண்டு கருவிகளுக்கும் இல்லை என்றால் ரவுட்டரில் கிளையண்ட் ஐசொலேஷன் போட்டிருக்கிறார்கள். விருந்தினர் வைஃபை, ஹோட்டல், ரயில் நிலையம் எல்லாம் இப்படித்தான், அது அங்கே இருப்பவர்களின் பாதுகாப்புக்காக. ஆப்பால் இதைத் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. ‘இந்த வலையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்திருக்கலாம்’ என்று ஒரு வரி காட்டுங்கள், போதும்.

“ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் எண்ணிக்கை மாறுகிறது”

எனக்கு அதிக நாள் தின்றது இதுதான். முதல் ஸ்கேனில் 7, அடுத்ததில் 11, அதற்கடுத்து 9.

திரை அணைந்த போன், பேட்டரியில் ஓடும் சென்சார் இவையெல்லாம் வைஃபை ரேடியோவைத் தூங்க வைத்துவிட்டு அவ்வப்போதுதான் விழித்துப் பார்க்கும். முதல் பாக்கெட்டுக்கு முன்னால் போகும் ஆர்ப் கேள்வி (‘இந்த முகவரி யாருடையது?’ என்று கேட்பது) எல்லாருக்குமான அறிவிப்பு. அப்படிப்பட்ட அறிவிப்புகளை ரவுட்டர் உடனே ஒலிபரப்பாது, தூங்குபவர்கள் விழிக்கும் குறித்த பீக்கன் (ரவுட்டர் தொடர்ந்து அனுப்பும் அடையாளச் செய்தி) வரும்வரை பிடித்து வைத்திருக்கும். பீக்கன் சுமார் 100 மில்லி விநாடிக்கு ஒன்று, அதில் எத்தனைக்கு ஒருமுறை என்பது ரவுட்டர் அமைப்பைப் பொறுத்தது. ஆர்ப் பதில் வந்த பிறகு பிங் போகும், அதுவும் இன்னொரு விழிப்புக்குக் காத்திருக்கலாம். ஆகவே தூங்கும் போனின் முதல் பதில் 300, 400 மில்லி விநாடிக்குப் பிறகு வருவது சாதாரணம், வேகத்துக்காக நீங்கள் 100 என்று டைம்அவுட் வைத்திருந்தால் அந்தப் போன் உங்கள் பட்டியலில் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

தீர்வு டைம்அவுட்டை ஏற்றுவது மட்டும் அல்ல, பிங் அனுப்பும் முறையையே மாற்றுவது. ஐஸ்-ரீச்சபிள் என்ற ஜாவா அழைப்பு வசதியானது, ஆனால் முகவரிக்கு ஒரு த்ரெட் கட்டிப்போடும்; ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) வேலைக்கு ஆகாவிட்டால் போர்ட் 7-ஐத் தட்டிப் பார்க்கும், அந்தப் போர்ட்டை இன்று திறந்து வைத்திருப்பவர் யாரும் இல்லை. பிங் கட்டளையை 254 முறை தனி ப்ராசஸாக ஓட்டுவது இன்னும் மோசம், பழைய போன் திணறிவிடும்.

லேசான வழி ஒன்று இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 3.0-இலிருந்து ரூட் இல்லாமல் ஐசிஎம்பி எக்கோ அனுப்ப ஒரு டேட்டாகிராம் சாக்கெட் உண்டு, ஆண்ட்ராய்டு அதை எல்லா ஆப்களுக்கும் திறந்தே வைத்திருக்கிறது. ஏபிஐ 21 முதல் உள்ள ஓஎஸ் என்ற கிளாஸ் மூலம் நேராக கோட்லினிலேயே திறக்கலாம், சி கோடு தேவையில்லை. ஒரே ஒரு சாக்கெட். வகை 8, குறி 0 என்று எட்டு பைட் தலைப்பு. 254 முகவரிக்கும் 5 மில்லி விநாடி இடைவெளியில் அனுப்பினால் சுமார் 1.3 விநாடியில் அனுப்பி முடிந்துவிடும், அனுப்பும்போதே இன்னொரு பக்கம் பதில்களைப் படித்துக்கொண்டிருங்கள். முதல் சுற்று முடிந்ததும் பதில் தராதவற்றுக்கு மட்டும் இன்னொரு சுற்று, பிறகு ஒரு விநாடி காத்திருப்பு. மொத்தம் நான்கு விநாடி. இரண்டு சுற்று என்பதுதான் இங்கே முக்கியம், முதல் சுற்றில் எழுப்பப்பட்ட கருவிகள் இரண்டாவதில் பளிச்சென்று பதில் தரும்.

இதில் மாட்டும் இடம் ஒன்று: நீங்கள் தலைப்பில் எழுதும் அடையாள எண்ணைக் கெர்னல் தன் எண்ணால் மாற்றிவிடும், செக்சம்மையும் அதுவே போட்டுக்கொள்ளும். அடையாள எண்ணை ஒப்பிட்டுப் பதிலைச் சலித்தால் எல்லாப் பதிலையும் நீங்களே தூக்கி எறிந்துவிடுவீர்கள். அனுப்பியவர் முகவரியையும் வரிசை எண்ணையும் வைத்து அடையாளம் காணுங்கள். நான் இதில் இரண்டு இரவு தொலைத்தேன்.

“விண்டோஸ் லேப்டாப் எதிரிலேயே இருக்கிறது, ஆனால் தெரியவில்லை”

பொது வலை என்று குறிக்கப்பட்ட வைஃபையில் விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் தராது. மூடிய போர்ட்டைத் தட்டினால் 111-உம் வராது, பாக்கெட்டை அப்படியே விழுங்கிவிடும். மௌனம்தான். ஆனால் எவ்வளவு இறுக்கமான ஃபயர்வாலாக இருந்தாலும் ஆர்ப் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அந்த லேப்டாப்பே வலையில் பேச முடியாது. பழைய ஆண்ட்ராய்டில் ஆர்ப் அட்டவணையை (ஆர்ப் பதில்களைக் கெர்னல் எழுதி வைக்கும் கோப்பு) படித்து இதைக் கண்டுபிடித்தோம். ஆண்ட்ராய்டு 10-இல் அந்தக் கோப்பு ஆப்களுக்கு மூடப்பட்டுவிட்டது.

இங்கேதான் எண்ணோடு நேரத்தையும் எழுதி வைக்கச் சொன்னது கைகொடுக்கும். இல்லாத முகவரிக்கு டிசிபி (வழக்கமான சாக்கெட்) இணைப்பு கேட்டால் கெர்னல் ஆர்ப் கேள்வியைச் சில முறை கேட்டுவிட்டு, சுமார் இரண்டு மூன்று விநாடியில் கைவிட்டு, 113-ஐத் திருப்பித் தரும். முகவரிக்குச் சொந்தக்காரர் இருந்து, ஆர்ப் பதிலும் வந்து, ஃபயர்வால் மட்டும் விழுங்கியிருந்தால் 113 வராது. இணைப்பு தொங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே டைம்அவுட்டை 4 அல்லது 5 விநாடி வையுங்கள். 113 வந்தால் யாரும் இல்லை. 111 வந்தால் இருக்கிறார். இரண்டும் வராமல் டைம்அவுட் ஆனால் யாரோ இருக்கிறார், பேச மறுக்கிறார். ரூட் இல்லாமல், ஆர்ப் அட்டவணை இல்லாமல், மௌனத்திலிருந்தே ஒரு கருவியைப் பிடித்துவிடலாம். பலர் டைம்அவுட்டை 500 மில்லி விநாடி வைத்து இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறார்கள், இல்லாதவரும் பேசாதவரும் அவர்களுக்கு ஒன்றாகிவிடுகிறார்கள்.

எல்லா வலையிலும் இது பலிக்காது. சில அலுவலக ஆக்சஸ் பாயிண்டுகள் கருவிகளின் சார்பில் தாமே ஆர்ப் பதில் சொல்லும், அங்கே சற்று முன் போய்விட்ட கருவியும் இருப்பது போலத் தெரியலாம். அதனால் இந்த வழியில் கிடைத்ததை ‘உறுதி’ என்று போடாமல் ‘பதில் தராத கருவி’ என்று தனி நிறத்தில் காட்டுங்கள். பிங்குக்கு ஏற்கெனவே பதில் சொன்னவற்றை இந்தச் சோதனையில் சேர்க்கவும் வேண்டாம், மிச்சத்துக்கு மட்டும்.

“மேக் முகவரி காலியாக வருகிறது, தயாரிப்பாளர் பெயர் தப்பாக வருகிறது”

மேக் என்பது கருவியின் நெட்வொர்க் சிப்புக்குரிய அடையாள எண், அதன் தொடக்கம் தயாரிப்பாளரைக் காட்டும். சரிசெய்ய முடியாத பிழை இது, நேரம் செலவழிக்க வேண்டாம். ஆர்ப் அட்டவணைக் கோப்பு வழி ஆண்ட்ராய்டு 10-இல் போனது. ip neigh என்ற கட்டளையை ஆப்புக்குள்ளிருந்து ஓட்டும் குறுக்குவழியும் டார்கெட் எஸ்டிகே-யை 30-க்கு (ஆண்ட்ராய்டு 11) ஏற்றியதும் போனது. ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் வழி) அதே கட்டளை ஓடுகிறதே என்று ஏமாறாதீர்கள். ஷெல்லுக்கு உள்ள உரிமை வேறு, ஆப்புக்கு உள்ளது வேறு. சோதிக்கும்போது ஷெல்லில் பார்த்து உங்கள் ஸ்கேன் முடிவோடு ஒப்பிட மட்டும் அது பயன்படும், அந்த வகையில் மிக நல்ல துணை.

மேக் கிடைத்தாலும் பெரிய பயன் இல்லை. ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் வந்த பிறகு போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைச் செய்துகொள்கின்றன. இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது உள்ளூரில் செய்த முகவரி, அதில் தயாரிப்பாளரைத் தேடுவது வீண். இந்த அறிகுறி தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை ஆப்பிலிருந்து தயாரிப்பாளர் பட்டியலைத் தூக்கியதுதான். சில எம்பி மிச்சம், ஒரு பொய்யும் குறைந்தது.

“பெயர்கள் வருவதில்லை, எல்லாம் வெறும் எண்ணாகவே இருக்கிறது”

மேக் போன பிறகு கருவியின் பெயரைக் கருவியிடமே கேட்பதுதான் நேர்மையான வழி. பிரிண்டர், டிவி, காஸ்ட் கருவி எல்லாம் எம்டிஎன்எஸ் (உள்ளூர் வலையில் பெயர் அறிவிக்கும் முறை) வழியாக 224.0.0.251, போர்ட் 5353-இல் தங்களை அறிவித்துக்கொண்டே இருக்கும். ரவுட்டர், டிவி, மீடியா பெட்டி போன்றவை எஸ்எஸ்டிபி (கருவிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் இன்னொரு முறை) வழியாக 239.255.255.250, போர்ட் 1900-இல் பதில் தரும். பதிலில் உள்ள லொகேஷன் வரி ஒரு எக்ஸ்எம்எல் கோப்பைக் காட்டும், பெயரும் மாடலும் அதிலேயே எழுதியிருக்கும்.

கேட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் மல்டிகாஸ்ட்-லாக் எடுத்தீர்களா பாருங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை சிப் பொதுவாக மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குமான) பாக்கெட்டுகளை மேலே அனுப்பாது, லாக் எடுத்தால்தான் விடும். மேனிஃபெஸ்டில் அதற்குத் தனி அனுமதி வரி உண்டு. ஸ்கேன் முடிந்ததும் மறக்காமல் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி கரைவதற்கு உங்கள் ஆப் காரணமாகிவிடும். சில போனில் வருகிறது சில போனில் வரவில்லை என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆண்ட்ராய்டின் என்எஸ்டி-மேனேஜரைப் பயன்படுத்துகிறீர்கள், முதல் கருவி மட்டும் விவரத்தோடு வருகிறது, மற்றவை 3 என்ற பிழையோடு நிற்கின்றன என்றால் ஒரே நேரத்தில் பலவற்றை ரிசால்வ் செய்கிறீர்கள். பழைய பதிப்புகள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கவனிக்கும். வரிசையில் போட்டு ஒன்று முடிந்ததும் அடுத்ததை அனுப்புங்கள்.

ரவுட்டரின் பக்கத் தலைப்பை எச்டிடிபி வழியாகப் படிக்கும்போது மறைகுறியாக்கம் இல்லாத இணைப்புக்கு அனுமதி இல்லை என்று வந்தால், அது ஆண்ட்ராய்டு 9-இன் இயல்பான தடை. மேனிஃபெஸ்டில் திறக்கலாம், அல்லது வெறும் சாக்கெட்டில் நாலு வரி கேள்வியை நீங்களே எழுதிப் படிக்கலாம், அதற்கு அந்தத் தடை இல்லை.

“ஸ்கேன் இரண்டு நிமிடம் ஆகிறது, போன் சூடாகிறது, சில சமயம் 24 வருகிறது”

டைம்அவுட் கொடுக்காமல் இணைத்தால் லினக்ஸ் வழக்கமாக ஆறு முறை மறுபடி முயன்று 127 விநாடி கழித்துத்தான் கைவிடும். ஆகவே எப்போதும் டைம்அவுட் கொடுங்கள். முகவரிக்கு ஒரு த்ரெட் என்றால் 254 த்ரெட். போர்ட்டுகளும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் போய் நினைவகம் தீரும். பழைய ஆண்ட்ராய்டில் ஒரு ப்ராசஸ் திறக்கக்கூடிய கோப்பும் சாக்கெட்டும் சேர்த்து 1024, அதைத் தாண்டினால் 24. தோற்ற சாக்கெட்டையும் மூட வேண்டும் என்பதை மறப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம், ஃபைனலி பகுதியில் மூடுங்கள்.

கோரூட்டீனின் ஐஓ டிஸ்பாட்சர் இயல்பாக 64 வேலையை ஒரே நேரத்தில் ஓட்டும். 254 முகவரி, 4 விநாடி டைம்அவுட் என்றால் நான்கு சுற்று, 16 விநாடி. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் த்ரெட்டைக் கூட்டாமல் என்ஐஓ செலெக்டருக்குப் போங்கள், ஒரே த்ரெட்டில் நூற்றுக்கணக்கான இணைப்பு காத்திருக்கும்.

போர்ட்டும் அப்படித்தான். 65,535-ஐயும் தட்ட வேண்டிய அவசியம் வீட்டு ஸ்கேனருக்கு இல்லை. 22, 53, 80, 443, 445, 554, 631, 8009, 8080, 9100 என்று ஒரு பத்து இருபது போர்ட்டிலேயே ரவுட்டரா, கேமராவா, பிரிண்டரா, காஸ்ட் கருவியா என்று தெரிந்துவிடும். கணினியில் பழகிய எஸ்ஒய்என் ஸ்கேனை (இணைப்பை முழுதாக முடிக்காமல் தட்டிப் பார்ப்பது) இங்கே முயல வேண்டாம், அதற்கு ரா சாக்கெட் வேண்டும், ரூட் இல்லாத போனில் கிடைக்காது.

“ஸ்கேன் செய்ததும் பிரிண்டரில் தாள் வருகிறது”

இது எனக்கே நடந்தது. திறந்த போர்ட்டில் என்ன ஓடுகிறது என்று அறிய எல்லாவற்றுக்கும் ஒரு எச்டிடிபி கேள்வியை அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த இடத்தின் பிரிண்டர் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தாளைத் தள்ளியது, தாளில் என் கேள்வி வரிகள் அப்படியே அச்சாகியிருந்தன. போர்ட் 9100-க்கு வரும் எந்த பைட்டையும் பிரிண்டர் அச்சிட வேண்டியதாகவே எடுத்துக்கொள்ளும். என்மேப் (கணினியில் ஓடும் புகழ்பெற்ற ஸ்கேனர்) கூட வெர்ஷன் கண்டறியும்போது 9100 முதல் 9107 வரை இயல்பாக விட்டுவிடுவது இதற்காகத்தான். இணைப்பு கிடைத்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள், ஒரு பைட்டும் அனுப்பாதீர்கள்.

இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சொந்த வலை, அல்லது சொந்தக்காரர் சம்மதித்த வலை, இந்த இரண்டில் மட்டும் ஓட்டுங்கள். ஆப்பிலும் முதல் தடவை திறக்கும்போது அதைக் கேளுங்கள்.

“சுற்றியுள்ள வைஃபை பட்டியல் புதுப்பிக்கப்படுவதே இல்லை”

ஸ்டார்ட்-ஸ்கேன் ஃபால்ஸ் என்று திருப்பித் தருகிறதா? ஆண்ட்ராய்டு 9 முதல் முன்னால் திறந்திருக்கும் ஆப்புக்கு இரண்டு நிமிடத்தில் நான்கு ஸ்கேன்தான். பின்னணியில் இருக்கும் எல்லா ஆப்களுக்கும் சேர்த்து அரை மணிக்கு ஒன்று. ஃபால்ஸ் வந்தபின் பட்டியலைக் கேட்டால் பழைய பட்டியலே வரும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இந்தக் கட்டுப்பாட்டை அணைக்க ஆண்ட்ராய்டு 10-இலிருந்து ஒரு சுவிட்ச் உண்டு, சோதனைக்கு உதவும், பயனருக்கு உதவாது. பட்டியலில் ஒவ்வொரு வரியும் எப்போது பார்த்தது என்ற நேரத்தைச் சுமந்துவரும், ‘40 விநாடிக்கு முன்’ என்று அதைக் காட்டிவிடுங்கள்.

பட்டியல் முழுக்கக் காலி, இணைந்திருக்கும் வைஃபையின் பெயரும் தெரியாதது என்று வருகிறது, பிஎஸ்எஸ்ஐடி (ரவுட்டரின் மேக்) 02:00:00:00:00:00 என்றால் இடஞ்சுட்டி அனுமதி இல்லை, அல்லது அனுமதி இருந்தும் போனில் லொகேஷன் அணைந்திருக்கிறது. இரண்டாவதைப் பலர் மறக்கிறார்கள். துல்லிய இடம் என்ற அனுமதியே வேண்டும், தோராயம் போதாது.

“திரை அணைந்ததும் ஸ்கேன் நின்றுவிடுகிறது”

ஆண்ட்ராய்டு 6-இல் வந்த டோஸ் (சும்மா கிடக்கும் போனில் ஆப் வேலைகளை ஒத்திவைப்பது), அதற்குமேல் போன் தயாரிப்பாளர்கள் சேர்த்த பேட்டரிச் சிக்கனங்கள். ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் போடலாம், ஆண்ட்ராய்டு 14-இல் அதற்கு வகையும் சொல்ல வேண்டும். என் கருத்து: நான்கு விநாடி ஸ்கேனுக்கு இதெல்லாம் வேண்டாம். ஸ்கேன் முடியும்வரை திரையை அணையவிடாமல் வைத்தால் போதும்.

“நேற்றுவரை ஓடியது, புதிய ஆண்ட்ராய்டில் ஒன்றுமே வரவில்லை”

ஐபோனில் 2020-இல் ஐஓஎஸ் 14-உடன் வந்த உள்ளூர் நெட்வொர்க் அனுமதி ஆண்ட்ராய்டுக்கும் வருகிறது. ஆண்ட்ராய்டு 16-இல் அது சோதனைக்காக, நீங்களாக இயக்கினால் மட்டும். ஏடிபி வழியாக உங்கள் ஆப்புக்கு ரெஸ்ட்ரிக்ட் லோக்கல் நெட்வொர்க் என்ற கம்பாட் மாற்றத்தை இயக்கி, போனை மறுதொடக்கம் செய்து இன்றே பார்த்துவிடலாம். அனுமதி இல்லாமல் உள்ளூர் முகவரிக்கு யுடிபி அனுப்பினால் 1 வரும், டிசிபி இணைப்போ வெறும் டைம்அவுட்டாகவும் தெரியலாம். மேலே சொன்ன ‘மௌனம் என்றால் யாரோ இருக்கிறார்’ என்ற கணக்கு இங்கே முழுதாகத் தலைகீழாகும்: 254 முகவரியிலும் பேச மறுக்கும் கருவிகள் இருப்பதாக ஆப் காட்டும். ஆகவே ஸ்கேன் தொடங்கும் முன் வாசல் (ரவுட்டர்) முகவரிக்கு ஒரு யுடிபி பாக்கெட் அனுப்பிப் பாருங்கள். 1 வந்தால் ஸ்கேனைத் தொடங்கவே வேண்டாம். ‘0 கருவிகள்’ என்றும் எழுத வேண்டாம். ‘உள்ளூர் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி இல்லை, அதனால் தேடவில்லை’ என்று எழுதி, அதன் கீழே அமைப்புகளுக்குப் போகும் பொத்தானை வையுங்கள்.